கெமிக்கல் பீல் செய்த பிறகு முகம் கறுத்துப்போவது ஏன்? தப்பு கிளினிக்கிலா, வீட்டிலா?

முத்தியால்பேட்டை மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் வீடு. சேதராப்பட்டில் வேலை. தினமும் ஸ்கூட்டியில் போய்வரும் 26 வயதுப் பெண். அடுத்த மாதம் அக்காவுக்குக் கல்யாணம். கன்னத்தில் பழைய பருக்கள் விட்டுப்போன கறுப்புப் புள்ளிகள். சனிக்கிழமை சாயங்காலம் ஒரு கெமிக்கல் பீல், திங்கள்கிழமை காலை வழக்கம்போல ஆபீஸ். செவ்வாய், புதன் வாக்கில் தோல் உரிய ஆரம்பிக்கிறது. கண்ணாடி முன்னால் நின்று ஓரத்தைப் பிடித்து லேசாக இழுத்தாச்சு. இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், பழைய புள்ளிகள் மங்கியிருக்கின்றன. ஆனால் தோலை இழுத்த இடத்தில் மட்டும் புதிதாக ஒரு கறுப்புத் திட்டு. “காசையும் கொடுத்து, முகத்தையும் கெடுத்துக்கிட்டேன்.”

இது நாமாக வரைந்த காட்சிதான். ஆனால், கெமிக்கல் பீலின் பக்கவிளைவுகள் என்று தோல் மருத்துவ நூல்கள் நம்மைப் போன்ற மாநிறத்துக்காரர்களிடம் முதலில் எச்சரிப்பது இந்தப் புதுக் கறுப்பைத்தான். ஆசிட் முகத்தில் இருக்கும் நேரம் சில நிமிடங்கள். அதற்குப் பிறகு வரும் 2 வாரம் முழுக்க உங்கள் கையில், உங்கள் வீட்டில், உங்கள் ஊர் வெயிலில். எல்லாரும் கேட்பது முதல் சில நிமிடங்களைப் பற்றித்தான்: எந்த ஆசிட், எத்தனை சிட்டிங், எவ்வளவு ரூபாய்? மிச்சமிருக்கும் 2 வாரத்தைப் பற்றி இந்தக் கட்டுரை பேசுகிறது.

பீல் என்றால் முகத்தில் என்ன நடக்கிறது?

அழகுச் சிகிச்சை என்ற பெயரை ஒதுக்கிவைத்துவிட்டுப் பார்த்தால், பீல் என்பது அளந்து போடும் ஒரு காயம். தோலின் மேலடுக்கை ஆசிட் கொண்டு கழற்றினால், உடம்பு அதைக் காயமாக எடுத்துக்கொண்டு கீழிருந்து புதுத் தோலை அனுப்பும். புதுத் தோல் சமமாக, பளிச்சென்று வரும் என்பதுதான் கணக்கு. காயம் எவ்வளவு ஆழம் என்பதை வைத்து மூன்று வகை. மேல்தோலோடு நிற்பது மேலோட்டமான பீல். அதைத் தாண்டி உள்தோலின் மேற்பகுதியைத் தொடுவது நடுத்தர பீல். இன்னும் கீழே போவது ஆழமான பீல்.

நம் ஊர் கிளினிக்குகளில் பொதுவாகப் போடப்படுவது முதல் வகை. கரும்பிலும் இருக்கும் கிளைகாலிக் ஆசிட், பருவுக்குப் பெயர்போன சாலிசிலிக் ஆசிட், கொஞ்சம் சாதுவான லாக்டிக், மாண்டெலிக் ஆசிட்கள், குறைந்த அளவில் டிசிஏ என்னும் டிரைகுளோரோ அசிட்டிக் ஆசிட். ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு. சாலிசிலிக் ஆசிட் தானாகவே அடங்கிவிடும். முகத்தில் வெள்ளைப் பொடி பூத்த மாதிரி தெரியும், அவ்வளவுதான். கிளைகாலிக் அப்படி இல்லை. சோடா உப்புக் கரைசலாலோ தண்ணீராலோ நிறுத்தினால்தான் நிற்கும். நிறுத்த மறந்தால் உள்ளே இறங்கிக்கொண்டே போகும்.

இது ஒன்றும் நேற்று வந்த ஃபேஷன் கிடையாது. ஜெர்மானியத் தோல் மருத்துவர் பால் உன்னா 1882-லேயே சாலிசிலிக் ஆசிட், டிசிஏ, பீனால் ஆகியவற்றைத் தோலில் பயன்படுத்துவது பற்றி எழுதிவிட்டார். முதல் உலகப் போரில் வெடிமருந்து பட்டு முகம் வெந்த வீரர்களுக்கு லா காஸ் என்ற பிரெஞ்சு மருத்துவர் பீனால் தடவிப் பார்த்தார் என்று தோல் மருத்துவ வரலாறு சொல்கிறது. அப்போது முத்தியால்பேட்டையும் பிரெஞ்சுக் கொடியின் கீழ்தான் இருந்தது. கடற்கரைச் சாலையில் அந்தப் போருக்கு எழுப்பிய நினைவுச் சின்னத்தைத் தாண்டி நடக்கும்போது, இன்றைய பீலுக்கும் அந்தப் போர்முனைக்கும் ஒரு மெல்லிய தொடர்பு இருப்பது ஞாபகத்துக்கு வரலாம்.

வெள்ளைக்காரர்களுக்கு எழுதிய குறிப்பு நமக்கு ஏன் பத்தாது?

யூடியூபில் வரும் ‘பீல் டைரி’ வீடியோக்களில் பெரும்பாலும் வெளிறிய தோல்காரர்கள். முகம் தக்காளி மாதிரி சிவக்கும், உரியும், ஒரு வாரத்தில் மினுமினுப்பு. அவர்களுக்குப் பெரிய கவலை சிவப்பு சீக்கிரம் போகுமா என்பதுதான். நம் கவலை வேறு.

1975-ல் அமெரிக்கத் தோல் மருத்துவர் தாமஸ் ஃபிட்ஸ்பேட்ரிக் ஒரு வகைப்பாட்டைத் தொடங்கிவைத்தார். வெயிலில் நின்றால் தோல் எரிகிறதா, கறுக்கிறதா என்பதை வைத்து, இன்று 1 முதல் 6 வரை தோலை வகை பிரிக்கிறார்கள். தென்னிந்தியர்கள் பெரும்பாலும் 4, 5-ல் வருவோம். இந்தத் தோலில் நிறமியை உருவாக்கும் செல்கள் எப்போதும் ஒரு காலைத் தூக்கிக்கொண்டே நிற்கும். கொசுக்கடி, பரு, சூடு, கீறல், எது பட்டாலும் அழற்சி வரும்; அழற்சி வந்தால் அவை மெலனினைக் கொட்டும். சின்ன வயதில் முழங்காலில் விழுந்த காயம் ஆறிய பிறகும் வருடக்கணக்கில் கறுப்பாக இருந்ததே, அதே கதைதான். பீலும் ஒரு காயம்தானே? காயம் அளவோடு இருந்தால் அந்தச் செல்கள் சும்மா இருக்கும். வெயிலோ நகமோ காயத்தைக் கூட்டிவிட்டால், எந்தக் கறுப்பை எடுக்கப் போனோமோ அதையே திரும்ப வாங்கிக்கொண்டு வருவோம்.

இதனால்தான் 2008-ல் இந்தியத் தோல் மருத்துவர்கள் சங்கமான ஐஏடிவிஎல் தனியாக ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. ஆழமான பீல் இந்தியத் தோலுக்குப் பரிந்துரைக்கப்படுவதில்லை என்று அதில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள். இன்னொரு விஷயமும் இருக்கிறது. பீலுக்கு முன்னால் 2 முதல் 4 வாரம் தோலைத் தயார்படுத்த வேண்டும். சன்ஸ்கிரீனும், மருத்துவர் எழுதித் தரும் நிறம் குறைக்கும் கிரீமும் போட்டு, நிறமிச் செல்களை முன்கூட்டியே அடக்கிவைப்பதற்கு ‘ப்ரைமிங்’ என்று பெயர்.

“நாளைக்கே வாங்க, பீல் போட்டுடலாம்” என்று யாராவது சொன்னால் இந்த 2 வாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பெண் பார்க்க வருகிறார்கள், நிச்சயதார்த்தம், ரிசப்ஷன் என்று தேதி வைத்துக்கொண்டு ஓடுபவர்கள்தான் ப்ரைமிங்கைத் தாண்டிக் குதிப்பார்கள். முகூர்த்தம் 20 நாளில் என்றால், வாழ்க்கையிலேயே முதல் பீலுக்கு அது சரியான நேரம் இல்லை.

முதல் நாள் முதல் பதினான்காம் நாள் வரை

வீட்டுக்கு வந்த அன்று முகம் லேசாகச் சிவந்து, இறுக்கமாக, கொஞ்சம் எரிச்சலாக இருக்கும். குளிர்ந்த தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியை ஒற்றி எடுத்தால் போதும். ஐஸ் கட்டியை நேராகத் தேய்க்கக் கூடாது. முகம் கழுவ, நுரை அதிகம் வராத, வாசனை இல்லாத ஃபேஸ்வாஷ். அதுவும் கையால் மட்டும். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். அதன் மேல் வாசனை சேர்க்காத மாய்ஸ்சரைசர். இறுக்கம் அதிகமாக இருந்தால், மருத்துவர் சரி என்றால், மெல்லியதாக வாசலின். விலை உயர்ந்த சீரம் எதுவும் இப்போது தேவையில்லை. வைட்டமின் சி, ரெட்டினால், சாலிசிலிக் ஃபேஸ்வாஷ் எல்லாம் உரிவது முழுசாக நிற்கும்வரை அலமாரியிலேயே இருக்கட்டும். புண்ணில் மறுபடி ஆசிட் ஊற்றுவது மாதிரி அது.

இரண்டு, மூன்றாம் நாளில்தான் பயம் வரும். நடுத்தர பீல் போட்டவர்களுக்கு முகம் முன்பைவிடக் கறுத்து, காய்ந்த வாழைச்சருகு மாதிரி தெரியும். “ஐயோ, கறுத்துப்போச்சே” என்று அம்மா அலறுவார். அது கழன்று விழத் தயாராக இருக்கும் பழைய தோல். அடியில் இருப்பது வேறு. மேலோட்டமான பீல் என்றால் மூக்கோரம், வாயோரம், தாடை என்று ஆங்காங்கே பொடிப்பொடியாக உதிரும். சிலருக்கு உரியவே உரியாது. “எனக்கு ஒண்ணுமே உரியலை, ஏமாத்திட்டாங்க” என்று சண்டைக்குப் போக வேண்டாம். கண்ணுக்குத் தெரியாமல் உதிர்வதும் உதிர்வதுதான். எவ்வளவு உரிகிறதோ அவ்வளவு பலன் என்பது சும்மா ஒரு நம்பிக்கை.

உரிவதை இழுக்காதீர்கள் என்று எல்லாரும் சொல்வார்கள். ஏன் என்று யாரும் சொல்வதில்லை. தொங்கும் தோலின் ஒரு முனை கழன்றிருக்கும். மறுமுனை இன்னும் உயிருள்ள தோலோடு ஒட்டியிருக்கும். இழுத்தால் அந்த மறுமுனையில் பீல் இறங்காத ஆழத்துக்குக் காயம் விழும். அங்கே அழற்சி, அங்கே மெலனின், அங்கே திட்டு. தொந்தரவாக இருந்தால் நுனியைச் சின்னக் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டு, மேலே மாய்ஸ்சரைசர் போட்டுப் படியவைத்துவிடலாம். மீட்டிங் இருக்கிறது, அசிங்கமாகத் தெரிகிறது என்றால் கேமராவை அணைத்துக்கொள்ளுங்கள். யாரும் கேட்க மாட்டார்கள்.

மேலோட்டமான பீல் 1 முதல் 7 நாளில் ஆறிவிடும். நடுத்தர பீல் 7 முதல் 14 நாள். இந்த நாட்களில் த்ரெடிங், வேக்ஸிங், ப்ளீச், ஸ்டீம், ஸ்கிரப் எதுவும் கூடாது. முதல் இரண்டு நாள் ஜிம்முக்கும் லீவு விடுங்கள். வியர்வை உப்பு புதுத் தோலில் நன்றாகவே எரியும். அதே காரணத்துக்காகக் கடல் குளியலும் வேண்டாம்.

ஆண்களுக்கு ஒரு சொல். முகச்சவரத்தை உரிவது நிற்கும்வரை தள்ளிப்போடுங்கள். முடியவில்லை என்றால் எலெக்ட்ரிக் டிரிம்மரை, தோலைத் தொடாமல் ஓட்டலாம். சலூனில் சவரம் முடிந்ததும் அண்ணன் அன்போடு தேய்க்கும் படிகாரக் கல்லுக்கும், அதற்கு மேல் அடிக்கும் ஆஃப்டர்ஷேவுக்கும் இந்த இரண்டு வாரம் கண்டிப்பாக ‘நோ’.

பாட்டி வைத்தியமும் இங்கே ஒரு பிரச்சினைதான். எலுமிச்சைச் சாறே ஒரு ஆசிட். அதைத் தடவிக்கொண்டு வெயிலில் போனால் கொப்புளித்துக் கறுக்கும் என்பது மருத்துவத்தில் பெயர் வைக்கப்பட்ட தனி நோய். மஞ்சள், கடலைமாவு, தயிர், செடியிலிருந்து நேரே பறித்த கற்றாழை எல்லாம் நல்ல தோலுக்கு ஒத்துக்கொள்ளலாம். மேலடுக்கு இல்லாத தோலில் அவை தேய்ப்பு, ஒவ்வாமை, கிருமி என்று எந்த வழியிலும் வம்பு இழுக்கலாம். வீட்டில் பெரியவர்கள் மனசு நோகாமல் மறுப்பது உங்கள் சாமர்த்தியம்.

புதுச்சேரி வெயில் எப்படிப்பட்டது?

புதுச்சேரி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 12 டிகிரியில் இருக்கிறது. ஏப்ரல் 20, ஆகஸ்ட் 20 தேதிகளை ஒட்டி, வருடத்தில் இரண்டு முறை உச்சிவேளையில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்துவிடும். நேராக நிற்கும் கம்பத்துக்கு நிழலே விழாது. அப்படிப்பட்ட ஊரில் மேல்தோலைக் கழற்றிவிட்டு நடமாடுகிறோம் என்பதை முதலில் மனசில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

மொபைலில் வெதர் ஆப் திறந்தால் ‘யுவி இண்டெக்ஸ்’ என்று ஒரு எண் இருக்கும். 8 தொட்டால் மிக அதிகம், 11-க்கு மேல் உச்சம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆப் இல்லாதவர்களுக்கு இன்னும் எளிய வழி உண்டு: உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் புற ஊதாக் கதிர் கடுமையாக இருக்கிறது என்று அர்த்தம். கடல் காற்று ஜில்லென்று அடிப்பதால் வெயில் உறைக்காது. ஆனால், புற ஊதாக் கதிருக்கும் வெப்பத்துக்கும் சம்பந்தம் இல்லை. வைத்திக்குப்பம் கடற்கரையில் மாசி மகத் தீர்த்தவாரிக்குக் காலையிலிருந்து மணலில் நிற்பவர்களுக்கு, வீட்டுக்கு வந்து கண்ணாடி பார்க்கும்போதுதான் முகம் காந்தியது தெரியும். மாசி மகத்துக்குப் போவதாக இருந்தால் பீலை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

சன்ஸ்கிரீன் எஸ்பிஎஃப் 30-க்குக் குறையக் கூடாது. புதுத் தோலில் சில சன்ஸ்கிரீன்கள் எரியும். ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு உள்ளவை பொதுவாக எரிவதில்லை. நடுத்தர பீல் என்றால், தோல் மூடும்வரை சன்ஸ்கிரீன் போடலாமா என்பதையே மருத்துவரிடம் கேட்க வேண்டும். அதுவரை வீட்டு நிழல்தான் மருந்து. அளவிலும் ஏமாறுகிறோம். பட்டாணி அளவு எடுத்துத் தடவினால் பாட்டிலில் போட்டிருக்கும் 50 முகத்துக்கு வராது. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கி எடுக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடி போட வேண்டும்.

இன்னொரு விஷயம் நம் நிறத்துக்கே உரியது. கண்ணுக்குத் தெரியும் சாதாரண வெளிச்சமும் மாநிறத் தோலைக் கறுக்கவைக்கும். வழக்கமான சன்ஸ்கிரீன் அதைத் தடுக்காது. அயர்ன் ஆக்சைடு சேர்த்த, தோல் நிறத்திலேயே வரும் ‘டின்டட்’ சன்ஸ்கிரீன் தடுக்கும். மங்கு உள்ளவர்கள் இதை மருத்துவரிடம் கேட்டுவைப்பது நல்லது. சென்னைக்கு ஈசிஆர் பஸ்ஸில் ஜன்னல் சீட்டில் போகிறவர்களும் கவனிக்க வேண்டும். கண்ணாடி மூடியிருந்தாலும் யுவிஏ கதிர் உள்ளே வரும்.

ஸ்கூட்டிக்காரர்களின் சங்கடம் தனி. ஹெல்மெட்டைத் தவிர்க்க முடியாது, தவிர்க்கவும் கூடாது. தாடைக்குக் கீழே மாட்டும் வாரும், கன்னத்தை அழுத்தும் பஞ்சும் உரியும் தோலை நாள் முழுக்க உரசும். முகத்தைச் சுற்றிக் கட்டும் பாலியெஸ்டர் துப்பட்டாவும் அப்படித்தான். உள்ளே மெல்லிய, துவைத்த பருத்தித் துணி வைத்துக்கொள்ளலாம். முடிந்தால் அந்த ஐந்து நாளுக்கு பஸ், ஷேர் ஆட்டோ, அல்லது வீட்டிலிருந்தே வேலை. பீலுக்குத் தேதி குறிக்கும்போது ஆபர் தேதியைப் பார்ப்பதைவிட ‘வொர்க் ஃப்ரம் ஹோம்’ கிடைக்கும் வாரத்தைப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

‘மெடிக்கல்ல ஒரு கிரீம் கொடுத்தாங்க...’

பீல் முடிந்து கறுப்பு விழுந்ததும் பலர் நேராகப் போவது மருத்துவரிடம் இல்லை. தெருமுனை மெடிக்கல் ஷாப்புக்கு. அங்கே கிடைக்கும் டியூபில் பெரும்பாலும் மூன்று மருந்துகள் சேர்ந்திருக்கும்: ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன் என்ற ஸ்டீராய்டு. ஒரு வாரத்தில் முகம் வெளுத்து மினுங்கும். அதுதான் தூண்டில். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, சிவப்பு நரம்புகள் தெரிந்து, பரு வெடித்து, கிரீமை நிறுத்தினால் முகம் தீயாய் எரியும். ‘டாபிகல் ஸ்டீராய்டு டேமேஜ்டு ஃபேஸ்’ என்று இதற்கு 2008-ல் இந்திய மருத்துவர்களே பெயர் வைத்தார்கள். அந்த அளவுக்கு இது நம் நாட்டு நோய். தோல் மருத்துவர்கள் தொடர்ந்து போராடியதன் பேரில், 2018 மார்ச்சில் மத்திய சுகாதார அமைச்சகம் இப்படிப்பட்ட 14 ஸ்டீராய்டு கிரீம்களை, மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத ‘ஷெட்யூல் எச்’ பட்டியலில் சேர்த்தது. சட்டம் வந்துவிட்டது, சீட்டைக் கேட்கும் பழக்கம்தான் எல்லாக் கடைக்கும் வரவில்லை.

ஸ்டீராய்டு என்றாலே விஷம் என்றும் சொல்ல முடியாது. பீலுக்குப் பிறகு வீக்கமோ சிவப்போ அளவுக்கு மீறினால், மருத்துவரே மிதமான ஸ்டீராய்டு கிரீமைச் சில நாளுக்கு எழுதித் தரலாம். எத்தனை நாள் என்ற கணக்கோடு வருவது மருந்து. கணக்கில்லாமல் வருவதுதான் வம்பு.

லேபிளே இல்லாத டப்பா இதைவிட மோசம். கேரளாவின் மலப்புறம் மாவட்டத்தில், கோட்டக்கல்லில் உள்ள மருத்துவமனை ஒன்றில் 2021-லிருந்து 2023 வரை ஒருவகைச் சிறுநீரகப் பாதிப்போடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு ஒரே மாதிரியான, அரிதான கூறு. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு கிரீம் போட்டவர்கள். சந்தேகம் பாதரசத்தின் மேல் விழுந்தது. கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் ‘ஆபரேஷன் சௌந்தர்யா’ என்ற பெயரில் கடைகளில் சோதனை நடத்தியது. பீல் போட்ட தோல் எதையும் வழக்கத்தைவிட வேகமாக உள்ளே இழுக்கும். தோழி கொடுத்தாள், வெளிநாட்டிலிருந்து வந்தது என்ற டப்பாக்களை அந்த நேரத்தில் தொடாமல் இருப்பதே நல்லது.

யார் போடுகிறார்கள், எங்கே போடுகிறார்கள்?

கவனமெல்லாம் நம் மேல்தானா, கிளினிக்குக்குப் பொறுப்பில்லையா என்று கேட்டால், நியாயமான கேள்வி. 2024-ல் இரண்டு நாடுகளின் அரசுகள் இதில் தலையிட்டன. பிரேசிலின் சாவோ பாவ்லோவில் ஜூன் மாதம், அழகு நிலையம் ஒன்றில் பீனால் பீல் போட்டுக்கொண்ட 27 வயது இளைஞர் இறந்துபோனார். அதே மாதம் அந்நாட்டின் கட்டுப்பாட்டு அமைப்பான அன்விசா, மருத்துவம், அழகுச் சிகிச்சை எதிலும் பீனால் பொருட்களைப் பயன்படுத்தத் தடை விதித்தது. பீனால் தோல் வழியாக ரத்தத்தில் கலந்து இதயத் துடிப்பையே குழப்பக்கூடியது. இதயத்தைக் கண்காணிக்கும் கருவி இல்லாத அறையில் அதற்கு இடமே இல்லை. ஜூலையில் அமெரிக்காவின் எஃப்டிஏ, ஆன்லைனில் விற்கும் வீரியம் மிக்க பீல்களை வாங்கி வீட்டிலேயே போட்டுக்கொள்ளாதீர்கள் என்று எச்சரித்தது. எந்தக் கெமிக்கல் பீல் பொருளுக்கும் தாங்கள் ஒப்புதல் கொடுக்கவில்லை என்றும் சேர்த்துச் சொன்னது. ‘எஃப்டிஏ அப்ரூவ்டு’ என்று விளம்பரம் பார்த்தால் இது ஞாபகம் இருக்கட்டும்.

நம் பக்கம்? கிளைகாலிக் பீலை வழக்கமாக 3 நிமிடத்தில் நிறுத்த வேண்டும், அதற்குள் தோல் சிவந்தாலோ சாம்பல் நிறத்தில் வெளுத்தாலோ உடனே நிறுத்த வேண்டும் என்கிறது ஐஏடிவிஎல் வழிகாட்டுதல். அந்த வெளுப்பைப் பார்த்தவுடன் அடையாளம் காணும் கண்ணுக்காகத்தான் காசு கொடுக்கிறோம். பீல் போடத் தகுதியுள்ளவர் தோல் மருத்துவத்தில் பட்டம் அல்லது பட்டயம் பெற்று, இதற்கென்று பயிற்சியும் எடுத்தவர் என்று அது வரையறுக்கிறது. மருத்துவர் பெயர் போர்டில் மட்டும் இருந்து, ஆசிட் தடவுவது வேறு யாரோ என்றால் கேள்வி கேளுங்கள்.

முத்தியால்பேட்டைக்காரர்களுக்கு இங்கே ஒரு வேடிக்கையான சிக்கல் உண்டு. வடக்கே ஈசிஆரில் கொஞ்ச தூரம் போனால் கோட்டக்குப்பம். அது விழுப்புரம் மாவட்டம், தமிழ்நாடு. அங்குள்ள கிளினிக்குகளுக்குத் தமிழ்நாட்டின் 1997-ஆம் ஆண்டுச் சட்டம். இந்தப் பக்கம் இருப்பவற்றுக்கு மத்திய அரசின் 2010-ஆம் ஆண்டு மருத்துவ நிறுவனங்கள் பதிவுச் சட்டம்; டெல்லி தவிர்த்த எல்லா யூனியன் பிரதேசங்களுக்கும் பொருந்துவது. ஒவ்வொரு சேவைக்கும் என்ன கட்டணம் என்பதை ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழியிலும் பார்வையில் படும்படி எழுதி வைக்க வேண்டும் என்று அதன் விதிகள் சொல்கின்றன. ரிசப்ஷனில் ஆபர் போஸ்டர் தெரிகிறதா, கட்டணப் பலகை தெரிகிறதா என்று அடுத்த முறை பாருங்கள்.

எந்தப் பக்கம் போனாலும் ஒரு காகிதம் கையில் இருக்க வேண்டும்: எந்த ஆசிட், எத்தனை சதவீதம், எத்தனை நிமிடம், யார் போட்டார்கள். பில்லில் ‘க்ளோ பீல்’, ‘பார்ட்டி பீல்’ என்று மட்டும் இருந்தால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. பிரச்சினை வந்து வேறொரு மருத்துவரிடம் போனால், அவர் முதலில் கேட்கப்போவது இந்த நாலும்தான். கொடுக்க மறுத்தால், மருத்துவப் பதிவுகளைக் கேட்ட 72 மணி நேரத்துக்குள் நோயாளிக்குத் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நெறிமுறை விதி. எழுத்தில் கேளுங்கள்.

நீங்களும் சிலவற்றை மறைக்கக் கூடாது. கர்ப்பம், ஆஸ்பிரின் ஒவ்வாமை, தழும்பு தடிக்கும் உடல்வாகு, அடிக்கடி உதட்டோரம் வரும் அக்கி, இவை எல்லாம் பீலின் வகையையே மாற்றும். அக்கி வருபவர்களுக்கு முன்கூட்டியே வைரஸ் தடுப்பு மாத்திரை கொடுப்பார்கள். பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் 6 மாதம் காத்திருக்க வேண்டும் என்பது பழைய விதி. மேலோட்டமான பீலுக்கு அவ்வளவு காத்திருப்பு தேவையில்லை என்று 2017-ல் அமெரிக்கத் தோல் அறுவை மருத்துவர்கள் சங்கம் சொன்னது. ஆனாலும் அதை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் மருத்துவர். சொல்லாமல் விடுவது மட்டும் கூடாது.

எப்போது மருத்துவரிடம் ஓட வேண்டும்?

எரிச்சல் நாளுக்கு நாள் குறைய வேண்டும். கூடினால் ஏதோ சரியில்லை. நீர் கோத்த கொப்புளம், மஞ்சள் பொருக்கு, சீழ், காய்ச்சல், உதட்டைச் சுற்றிக் கொத்தாகச் சின்னச் சின்னப் புண்கள், ஒரே இடத்தில் மட்டும் வாரக்கணக்கில் போகாத சிவப்பு. இவற்றில் எது வந்தாலும் பீல் போட்ட மருத்துவருக்கு அன்றைக்கே போட்டோ அனுப்பி, நேரிலும் போங்கள். அவர் கைக்குச் சிக்கவில்லை என்றால் கோரிமேடு ஜிப்மரில் தோல் மருத்துவத் துறை இருக்கிறது. இரவு நேரம், கண்ணுக்குள் ஆசிட் பட்டது போன்ற அவசரம் என்றால், முதலில் ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு, பக்கத்தில் எந்த எமர்ஜென்சி இருக்கிறதோ அங்கே.

போகும்போது முகத்தில் எதையும் தடவிக்கொண்டு போகாதீர்கள். மேக்கப் கூடவே கூடாது. போட்ட கிரீம் டியூப், ஃபேஸ்வாஷ், சன்ஸ்கிரீன் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். மறந்துபோனதை டியூப் சொல்லிவிடும்.

சரி, திட்டு ஏற்கெனவே விழுந்துவிட்டது, இப்போ என்ன பண்ணலாம்? மேல்தோலோடு நின்ற கறுப்பு பெரும்பாலும் தானே மங்கும். ஆனால் அதற்கு வாரங்கள் இல்லை, மாதங்கள் ஆகும். அந்த மாதங்களில் சன்ஸ்கிரீன் ஒரு நாள்கூட விடாமல் ஓட வேண்டும். மருத்துவர் எழுதினால் நிறம் குறைக்கும் கிரீம். பலர் செய்வது வேறு: முதல் பீல் போட்ட கறுப்பை எடுக்க அவசரமாக இரண்டாவது பீல். சாதாரணமாகவே மேலோட்டமான பீல் இரண்டுக்கு நடுவில் 2 முதல் 4 வாரம் இடைவெளி வேண்டும். சிவப்பும் அரிப்பும் இன்னும் அடங்காத முகத்துக்கு அதுவும் பத்தாது. “பேக்கேஜ்ல ஆறு சிட்டிங் இருக்கு மேடம், அடுத்த வாரமே வந்துடுங்க” என்று போன் வந்தால், மிச்சமிருக்கும் சிட்டிங்குகளைத் தள்ளிப்போடச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

பேக்கேஜுக்கு மொத்தமாகப் பணம் கட்டும் முன்பே, இடையில் நிறுத்தினால் மிச்சப் பணம் திரும்ப வருமா என்று கேட்டு, பதிலை பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.